சவரக்கத்தியில் கறை எண் ஏழு

லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே மூன்று விஷயங்கள் சொல்லிவிடுவேன். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. அவசரம் என்று குளோரினில் கை வைக்காதே. ஒரு கறையை எடுக்கும் முன் அது யாருடைய கறை என்று கேள். முதல் இரண்டையும் குறித்துக்கொள்வார்கள். மூன்றாவதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் முழுக் கதையைச் சொல்ல நேரமில்லாததால் எழுதி வைக்கிறேன்.

1. இரண்டு அறைகள்

டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியின் லேபில் நான் சேர்ந்து இரண்டாவது வருடம். அந்த சீசனில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் புதுத்துணி பிடிக்காமல் போயிருந்தது. வரும் ஆர்டரெல்லாம் 'விண்டேஜ்'. அதாவது, நேற்றுத் தைத்த டீஷர்ட் பத்து வருடம் உடுத்தியதுபோல் இருக்க வேண்டும்.

எங்கள் கம்பெனியில் அதற்கு ஓர் அறை உண்டு. அங்கே புது டீஷர்ட்டின் கழுத்தை உப்புத்தாளால் தேய்ப்பார்கள், ஓரத்தைக் கிழிப்பார்கள், கல்லோடு மிஷினில் போட்டு உருட்டுவார்கள், அங்கங்கே மங்கலாகச் சாயம் தெளிப்பார்கள். அதற்கு அடுத்த அறை கறை எடுக்கும் அறை. முதல் அறையில் அடிபட்டு வந்த டீஷர்ட்டில் தையல் மிஷின் ஆயில் ஒரு பொட்டு இருந்தாலும் அங்கே எடுத்துவிட வேண்டும். பையர், அதாவது ஆர்டர் தரும் வெளிநாட்டுக்காரர், எழுத்தில் கொடுத்திருந்தார்: பழையதாகத் தெரிய வேண்டும், அழுக்காகத் தெரியக் கூடாது. கிழிசல்கள் எல்லா டீஷர்ட்டிலும் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அளவு டேப்பை வைத்துக்கொண்டு கிழிசலை அளந்து, கால் இஞ்ச் கூடிவிட்டது என்று ரிஜெக்ட் செய்த நாட்கள் உண்டு.

அந்தப் பையரின் பெயரை டேவிட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்களுக்கான சலூன் பாணி டீஷர்ட்டுகள் கேட்டிருந்தார். நெஞ்சில் சீப்பு, கத்தரி, மீசை. கூடவே கூரியரில் ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே மடக்கும் சவரக்கத்தி ஒன்று. கைப்பிடி மஞ்சளேறிய செல்லுலாய்டு. இரும்பு முழுக்கச் சாம்பல், தேயிலைப் பழுப்பு, கறுப்பு என்று திட்டுத்திட்டாகக் கறை. டீஷர்ட்டின் மூன்று நிறங்களையும் இந்தக் கத்தியைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். டீஷர்ட்டில் தொங்கும் ஹேங்டேக் அட்டையில் அதன் படமும் ஒரு வரியும் வரும்: 'நான்கு தலைமுறையாக எங்கள் குடும்பத்தின் முகங்களைத் தொட்ட கத்தி.' சரக்கு தயாரானதும் பார்க்க டேவிட் நேரில் வருவார். அப்போது கத்தியைத் திரும்ப எடுத்துப்போவார்.

கத்தியின் ஒவ்வொரு கறைக்கும் பொருந்தும்படி நான் லேபில் சாயம் கலந்து துணித்துண்டுகள் அனுப்பினேன். மூன்று சுற்றில் அப்ரூவல் வந்தது. சரக்கும் தயாராகி, டேவிட் அடுத்த சனிக்கிழமை வருகிறார் என்று தெரிந்ததும், வேலை முடிந்தது என்று கத்தியை, பையரோடு ஆர்டர் விஷயம் பேசும் மெர்ச்சண்டைசர் கார்த்தியிடம் கொடுத்துவிட்டேன். அவன் அதை மரப்பெட்டியில் வைக்காமல் சாம்பிள் டீஷர்ட்டுகள் இருந்த அட்டைப்பெட்டியில் வைத்தான்.

2. மூஞ்சி தெரியும் கத்தி

அட்டைப்பெட்டியில் இருப்பதெல்லாம் செக்கிங் டேபிளுக்குப் போகும். அது எங்கள் கம்பெனியின் வழக்கம். செக்கிங் டேபிளில் இருப்பவர்களுக்கு ஒரே வேலை. எங்கே கறை இருக்கிறதோ அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, வரிசை எண் போட்டு, ஃபாரத்தில் எழுதுவது. பொருள் என்ன என்று கேட்பது அவர்கள் வேலையில்லை. கத்திக்குப் பதினோரு அம்புக்குறிகள் ஒட்டினார்கள். துருக்கறை என்றால் ரஸ்ட் ரிமூவர் பயன்படுத்த லேபின் அனுமதி வேண்டும். ஃபாரம் என் மேஜைக்கு வந்தது. அன்று வந்த நாற்பது ஃபாரங்களோடு அதிலும் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை.

மறுநாள் காலை ராஜகனியக்கா லேபுக்கு வந்தார். நாசரேத் பக்கத்திலிருந்து வந்து, கறை எடுக்கும் அறையில் ஏழு வருடம் வேலை செய்தவர். அவர் எடுக்க முடியாத கறை என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. கையில் பனியன் வேஸ்ட்டில், கழிவுத் துணியில், சுற்றிய ஒரு பொருள். பிரித்தார். ட்யூப்லைட் வெளிச்சம் அதிலிருந்து என் கண்ணில் அடித்தது.

"இந்தா பாருங்க மேடம், மூஞ்சி பாக்கலாம். ரஸ்ட் ரிமூவருக்குப் பத்து கறை போயிட்டு. ஏழாம் நம்பருதான் ரொம்பப் படுத்திட்டு. பொறவு அயர்ன் பாக்ஸ் அடியில தேய்ப்போம்லா, அந்தப் பேஸ்ட்டப் போட்டு ரெண்டு மணி நேரம் தேய்ச்சேன். கையே வுட்டுப்போச்சு."

நான் கத்தியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

"ஏன் மேடம், இன்னும் எங்கயாச்சும் இருக்கா?"

"இல்லீங்கக்கா. ஒண்ணுமே இல்லை."

"அதான பாத்தேன்" என்றார் நிம்மதியாக.

3. மீட்டிங்

முதலாளி ரூமில் மேஜை மேல் கத்தி கிடந்தது. முதலாளி அதைத் தொடவில்லை. அவருக்கு அந்த ஆர்டர் பெரியது. அதைவிட, அடுத்த சீசன் ஆர்டர் அந்தக் கத்தி திரும்பிப் போகும் அழகில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

"ஏனம்மிணி, நம்ம தொழிலே புதுசப் பழசாக்கறதுதானுங்களே. லட்சம் பீஸ் பண்றோம். இத்தனூண்டு கத்தி ஒண்ணு நம்மளால ஆகாதா?"

"துணி வேறைங்க சார், இரும்பு வேறைங்க."

கார்த்தி தயாராக வந்திருந்தான். "கல்லோட மிஷின்ல போட்டு அரை மணி நேரம் உருட்டிறலாம்ங்க சார்."

"கூர் போயிருங்க" என்றேன்.

"அப்ப ஸ்டென்டர்ல ஒரு ஓட்டு உடலாம்ங்க. சூட்டுக்குப் பிரவுனாயிரும்."

ஸ்டென்டர் என்பது துணியைச் சூட்டில் இழுத்துச் சீராக்கும் நீண்ட மிஷின். அந்தச் சூட்டில் கத்தி நிறம் மாறும் என்பது உண்மைதான். இரும்பின் பதமும் போய்விடும். அதற்குப் பிறகு அது கத்தி வடிவத்தில் இருக்கும் தகடு. இதைச் சொன்னேன்.

"அந்தாளு அதுல சவரமா பண்ணப்போறாரு?" என்றார் முதலாளி. "பாக்கறதுக்குப் பழசா இருந்தாப் போதும்."

"நம்மகிட்டக் கொடுக்கறப்ப அது வெட்டுச்சுங்க சார். திருப்பிக் கொடுக்கறப்பவும் வெட்டோணுமுங்க."

முதலாளி பேனா முனையால் கத்தியை ஓரமாகத் தள்ளினார். பிறகு முடிவைச் சொன்னார். சனிக்கிழமைக்குள் கத்தி பழையபடி ஆக வேண்டும். பையர் கண்டுபிடித்துவிட்டால் ராஜகனியை அன்றே வேலையை விட்டு அனுப்ப வேண்டும். "தப்புப் பண்ணுனவங்கள நீக்கியாச்சுன்னு சொல்றதுக்காச்சும் ஓராளு வேணுமில்லீங்க."

ராஜகனியக்கா இருந்தது வேலையாட்களுக்குக் கம்பெனி கொடுத்த லைன் வீட்டில். வேலை போனால் அறையும் போகும். அவர் மகள் ப்ளஸ் டூ. பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது.

"சார், அந்த ஃபாரத்துல நான் கையெழுத்துப் போட்டிருக்கேனுங்க. தப்பு எம்பேர்லயும் இருக்குது."

"அதுக்கு?"

"அனுப்பறதுன்னா என்னையும் சேர்த்துத்தானுங்களே அனுப்போணும்."

"உன்னைய அனுப்புனா லேப்ப யாரு பாக்கறது?" என்றார் முதலாளி, நான் ஏதோ புரியாமல் பேசுவதுபோல. நியாயம் அத்துடன் முடிந்தது.

கையில் ஆறு நாள் இருந்தது.

4. சோதனை

பையரின் கத்தியில் நேராகக் கை வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். புதுச்சாயத்தை முழு லாட் துணியிலும் யாரும் முதலில் போட மாட்டார்கள். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சலூன் சாமான் விற்கும் கடைக்குப் போய், பிளேடு மாற்றும் வகை வேண்டாம், முழு இரும்புக் கத்தி இரண்டு வேண்டும் என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "ஊட்டுக்காரருக்குங்களா?"

"இல்லீங்க. டீஷர்ட்டுக்கு."

திருப்பூரில் இந்தப் பதிலுக்கு மேல் யாரும் கேட்பதில்லை. தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

முதல் கத்தியை முதலாளியின் வற்புறுத்தலுக்குப் பலி கொடுத்தேன். அவர் இளமையில் துணி வெளுக்கும் பிளீச்சிங் யூனிட் வைத்திருந்தவர். பிளீச்சிங் தண்ணீரில் போட்டால் ஒரு மணி நேரத்தில் இரும்பு கிழடாகிவிடும் என்றார். ஆனது. வெளியே எடுத்தபோது கத்தி முழுக்க ஆரஞ்சு நிறம். துடைத்துவிட்டு, துணியில் இழை எண்ணும் கவுண்ட் கிளாஸை வைத்துப் பார்த்தேன். கூர் இருந்த இடம் ரம்பம்போல் இருந்தது. குளோரின் இரும்புக்கு நிறம் கொடுப்பதில்லை. துளை போடுகிறது. கூரில் துளை விழுந்தால் எவ்வளவு தீட்டினாலும் திரும்பாது.

"நல்லாத்தானே பழசாயிருக்குது" என்றார் முதலாளி.

"பழசாகலைங்க சார். செத்துப்போச்சுங்க."

இரண்டாவது கத்தியை என் முறைப்படி செய்தேன். இந்த வேலை உங்களுக்கு வராது என்று நம்புகிறேன். வந்தால், வரிசை இதுதான்.

அ. முதலில் சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பசையைப் போக்கவும். கை ரேகை இருந்தால் அந்த இடத்தில் கறை பிடிக்காது.

ஆ. கூர்ப்பக்கம் ஒரு கோடு அகலத்துக்கு நகப்பூச்சு தடவவும். அங்கே எதுவும் படக் கூடாது. மறைக்க மறந்தால் மற்ற படிகளைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

இ. கைப்பிடியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றவும். ஆணி இருக்கும் மூட்டில் மெழுகு வைக்கவும். உள்ளே போன ஈரம் வெளியே வராது.

ஈ. சாய வேலைக்கு வைத்திருக்கும் அசெட்டிக் ஆசிட்டைத் தண்ணீரில் நன்றாக நீர்க்கவைத்து ஒரு முறை துடைக்கவும். இரும்பு வெளிறிச் சாம்பலாகும்.

உ. கேன்டீனில் பால் ஊற்றாத டிகாஷனைக் கெட்டியாக வாங்கி, காது குடையும் பஞ்சுக்குச்சியால் வேண்டிய இடத்தில் மட்டும் வைக்கவும். இரும்பும் தேயிலையும் சேர்ந்தால் கருநீலக் கறுப்பு வரும். பத்து நிமிடத்தில் துடைத்துப் பார்க்கவும். போதாவிட்டால் இன்னொரு முறை. ஒரே முறையில் கறுப்பாக்க நினைப்பவர்கள் முதலாளியாகலாம், லேபுக்கு ஆக மாட்டார்கள்.

ஊ. பழுப்புக்கு நிஜத் துருவை வரவைக்கக் கூடாது. வந்த துரு நிற்காது. துணியில் அச்சடிக்கும் நிறப்பசையான பிரிண்டிங் பிக்மென்ட்டைத் துரு நிறத்தில் கலந்து மெல்லியதாக ஒற்றவும். துருபோலத் தெரியும், இரும்பைத் தின்னாது.

எ. சோடா கரைத்த தண்ணீரில் ஆசிட்டைக் கொல்லவும். கழுவவும். உடனே துடைக்கவும். பனியன் வேஸ்ட்டால் தேய்க்கவும். தையல் மிஷின் ஆயில் பூசவும். கடைசியில் அசெட்டோன் தொட்டு நகப்பூச்சை எடுக்கவும். செல்லுலாய்டுக் கைப்பிடியில் அசெட்டோன் பட்டால் கைப்பிடி கரையும். பிறகு அந்தக் கதையையும் யாராவது எழுத வேண்டியிருக்கும்.

இரண்டாவது கத்தி நன்றாக வந்தது. முப்பதாம் நம்பர் நூல் ஒன்றை ஒற்றையாகத் தொங்கவிட்டுக் கூரைக் காட்டினேன். தொட்டதும் அறுந்தது.

ஆனால் முறை தெரிந்தால் போதாது. எந்தக் கறை எங்கே இருந்தது? கத்தியில் இப்போது ஒன்றுமில்லை. என் நினைவில் மூன்று நான்கு இருந்தன. கார்த்தியின் நினைவில், அவன் சொன்னபடி, "கத்தி மாதிரி ஒண்ணு" இருந்தது. ஹேங்டேக்கில் கத்தியின் படம் கட்டைவிரல் நக அளவு.

ராஜகனியக்காவை வரச் சொன்னேன். அவருக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. கண் வீங்கியிருந்தது. கையில் கணக்கு நோட்டு ஒன்று.

"நான் எதையும் எழுதாம எடுக்க மாட்டேன் மேடம். முன்ன ஒரு சூப்பர்வைசரு, கறையே இல்லாத பீஸ எடுத்தேன்னு சொல்லி ஏசிட்டான். அன்னையிலேருந்து படம் போட்டு வச்சிருவேன்."

நோட்டில் கத்தியை அச்சாக வைத்து வரைந்த கோடு. உள்ளே பதினோரு வட்டம். பக்கத்தில் அவர் கையெழுத்தில்: 'ஒன்று, ஆணி பக்கம், மிளகு அளவு, காப்பி கலர். இரண்டு, முதுகு ஓரம், நூல் மாதிரி, கறுப்பு.' பதினொன்றாவது வரை இப்படியே. எந்தக் கறை எத்தனை நிமிடத்தில் போனது என்றுகூட இருந்தது. நிமிடத்தை வைத்து எந்தக் கறை எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரிந்துபோனது.

நிறத்துக்கு என்னிடம் அப்ரூவல் ஆன துணித்துண்டுகள் இருந்தன. கத்தியைப் பார்த்துத் துணிக்கு நிறம் பிடித்தேன். இப்போது துணியைப் பார்த்துக் கத்திக்கு நிறம் பிடிக்க வேண்டும். அப்ரூவல் ஆனது துணிதானே தவிர கத்தியில்லை என்பதால், விதிப்படி இதுதான் சரி என்று கார்த்தி ஆறுதல் சொன்னான்.

5. ஏழாம் நம்பர்

வியாழக்கிழமை மாலைக்குள் பத்துக் கறைகள் திரும்பி வந்தன. ராஜகனியக்கா வட்டத்தைக் காட்டுவார், நான் வைப்பேன். பிறகு அவரே வைக்க ஆரம்பித்தார். என் கையைவிட அவர் கை சுத்தமாக இருந்தது. எடுக்கத் தெரிந்தவருக்கு ஓரம் எங்கே மங்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

ஏழாவது, கத்தியின் நடுவில், முதுகுப் பக்கம், புளியங்கொட்டை அளவு கறுப்புக் கறை. அங்கே டிகாஷனை வைத்துப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்தேன். கறைக்குப் பதில் எழுத்து வந்தது.

பொடியான ஆங்கில எழுத்து. பளபளப்பில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது, டிகாஷன் பள்ளத்தில் இறங்கியதும் கறுப்பாக எழுந்து நின்றது. கவுண்ட் கிளாஸை வைத்துப் படித்தேன். ஒரு மருத்துவமனையின் பெயர். அடியில் 'நோயாளிகள் வார்டு, எண் 41'. அதற்கும் அடியில் 'வெளியே எடுத்துச் செல்லக் கூடாது'.

நான்கு தலைமுறை என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.

"என்ன மேடம் எழுதியிருக்கு?" என்றார் ராஜகனியக்கா. சொன்னேன். 

"அப்ப ஆசுபத்திரிலேருந்து லவட்டிட்டு வந்ததா?"

"தெரியலீங்கக்கா. ஏலத்துல வாங்கியிருக்கலாம்."

"எங்க ஊரு ஆசுபத்திரியில டம்ளருக்கே சங்கிலி போட்டு வச்சிருப்பான்" என்றார். இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார். "இத நான்லா மேடம் வெளிய கொண்டாந்தேன். கறையாவே கெடந்திருக்கும்."

முதலாளியும் கவுண்ட் கிளாஸை வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். "அம்மிணி, நம்ம வேலை கறை வெக்கறது. படிக்கறதில்ல."

"ஹேங்டேக் பூரா அடிச்சு வந்துருச்சுங்க சார்" என்றான் கார்த்தி, கவலையாக.

"பையருகிட்டச் சொல்லிறலாமுங்களா?" என்றேன்.

"என்னன்னு? உங்க தாத்தா ஆஸ்பத்திரிக் கத்தில சவரம் பண்ணுனாருன்னா? கேட்டாச் சொல்லு. கேக்காட்டி உட்ரு."

கேட்டால் பொய் சொல்வதில்லை என்று எனக்குள் ஒரு வரி எழுதிக்கொண்டேன். கேட்காவிட்டால் என்ன செய்வது என்ற வரியை எழுதாமல் விட்டேன். ராஜகனியக்காவின் மகளுக்குப் பரீட்சை இருந்தது. அதைக் காரணமாகச் சொல்வது எனக்கு வசதியாகவும் இருந்தது.

எழுத்தை மறைப்பது சுலபமாக இல்லை. பள்ளத்தில் நிறம் அதிகம் பிடிக்கும். எத்தனை முறை டிகாஷன் வைத்தாலும் எழுத்துதான் முதலில் கறுத்தது. நாங்கள் மறைக்க முயன்ற ஒவ்வொரு முறையும் மருத்துவமனை முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் செத்துப்போன முதல் கத்தியில் கார்த்தி ஊசியால் கம்பெனி பெயரைக் கீறிக் கொடுத்தான். அதன் மேல் சோதித்தோம். சாம்பல் பிக்மென்ட்டால் பள்ளத்தை நிரப்பி, காய்ந்ததும் மேலே கறுப்பும் பழுப்புமாக ஒற்றினால் மறைந்தது. எங்கள் கம்பெனி பெயர் சுத்தமாகக் காணாமல் போனதைப் பார்த்து முதலாளி மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

ஆக, ஏழாம் நம்பர் முழுக்கப் பிக்மென்ட். அதில் ஒரு குறை இருந்தது. துணியில் பிக்மென்ட்டைச் சூட்டில் வேகவைப்போம், அப்போதுதான் தேய்த்தால் வராது. கத்தியைச் சூட்டில் வைக்க முடியாது. வெள்ளைத்துணியால் தேய்த்துப் பார்த்தேன். ரப்பிங் ஃபாஸ்ட்னஸ், அதாவது தேய்த்தாலும் நிறம் நிற்கும் அளவு, ஐந்துக்கு இரண்டரைக்கு மேல் இல்லை. எங்கள் விதிப்படி மூன்றரை வேண்டும். யார் கத்தியைத் தேய்க்கப் போகிறார்கள் என்று கார்த்தி கேட்டான். வெள்ளிக்கிழமை மாலை மரப்பெட்டியை மூடினோம்.

6. சனிக்கிழமை

டேவிட் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நாங்கள் கிழித்த டீஷர்ட்டைப்போலவே ஒன்றைப் போட்டிருந்தார். அவருடையது நிஜமாகப் பழையதா, இன்னொரு கம்பெனி செய்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சரக்கைப் பார்த்தார். கிழிசல்களை அளந்தார். திருப்தி. பிறகு மரப்பெட்டியைத் திறந்தார்.

முதலாளி இளநீரைக் கையில் எடுத்துக் கொடுத்தார். டேவிட் வாங்கிக்கொள்ளவில்லை. கத்தியை விரித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று என் மனம் வட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தது. கதவோரம் ராஜகனியக்கா. பையர் கண்டுபிடித்தால் உடனே வேலையை விட்டு அனுப்ப வசதியாக முதலாளி அவரை அங்கேயே நிற்கச் சொல்லியிருந்தார்.

டேவிட் கட்டைவிரலை ஏழாம் நம்பரின் மேல் வைத்தார். பழக்கப்பட்டவர்போல, யோசிக்காமல், இரண்டு முறை தேய்த்தார்.

விரலில் பழுப்பு வந்தது. கத்தியில் 41 வந்தது.

 முதலாளி இளநீரை மேஜையில் வைத்தார். கார்த்தி சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்தான்.

"நான்தான்யா தொடச்சேன்" என்றார் ராஜகனியக்கா தமிழில், கதவருகிலிருந்தே. "தெரியாமத் தொடச்சிட்டேன். பொறவு நாங்களேதான் கறைய வச்சோம். இந்த மேடத்தை ஒண்ணும் சொல்லாதிய."

டேவிட் என்னைப் பார்த்தார். அவர் கேட்டுவிட்டார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். வரிசையாகச் சொன்னேன். செக்கிங் டேபிள், அம்புக்குறி, என் கையெழுத்து, ரஸ்ட் ரிமூவர், டிகாஷன், பிக்மென்ட். கூர் தொடப்படவில்லை என்பதையும் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். அவர் பக்கத்தைப் புரட்டிப் பதினோரு வட்டங்களையும் பார்த்தார்.

கறைக்கு அடியில் இருந்ததைப் பற்றி அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை பேர் படித்தீர்கள்?"

"நாங்க நாலு பேருதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் கதவைப் பார்த்தார். ராஜகனியக்கா கதவைச் சாத்தினார். அதற்கு மொழி தேவைப்படவில்லை.

டேவிட் தன் பையிலிருந்து, சரக்கின் குறைகளை எழுதித் தரும் கமென்ட் ஷீட்டை எடுத்தார். டீஷர்ட்டுக்கு எழுதும் அதே ஷீட். மேலே 'சவரக்கத்தி' என்று எழுதினார். கீழே எழுதியதை நான் அப்படியே மனப்பாடமாக வைத்திருக்கிறேன். 'கறை 1 முதல் 6, 8 முதல் 11: ஏற்கப்பட்டது. கறை 7: நிறம், அளவு, இடம் சரி. தேய்த்தால் வருகிறது. இன்றே சரிசெய்து காட்டவும்.'

முதலாளிக்கு மூச்சு திரும்பியது. "அம்மிணி, சீக்கிரம்."

சூடு வைக்க முடியாது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. ராஜகனியக்காதான் என் காதருகே வந்து, "அந்த நகப்பூச்சு மேடம். கலர் இல்லாதது. எம்மவ வச்சிருக்கா" என்றார். லைன் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தார். லேபில் உட்கார்ந்து ஏழாம் நம்பரைத் திரும்ப ஒற்றினார். காய்ந்ததும் மேலே இரண்டு கோட் பூசினார். மினுக்கம் தெரியாமலிருக்கப் பனியன் வேஸ்ட்டால் லேசாக மங்கவைத்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை டேவிட் கேன்டீனில் காத்திருந்தார். பால் டீ குடித்தார். டிகாஷன் தீர்ந்துபோயிருந்தது என்று நினைக்கிறேன்.

வந்து தேய்த்தார். பலமாகத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. ஷீட்டில் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது ராஜகனியக்காவிடம் கை கொடுத்தார். முதலாளி அதைப் பார்த்தார். தேவைப்படும்போது அனுப்பிவைப்பதற்காகக் கதவோரம் நிறுத்தப்பட்டவர், இப்போது பையர் கை கொடுத்த ஆள். அந்த மாதமே கறை எடுக்கும் அறையிலிருந்து அடுத்த அறைக்கு, கறை வைக்கும் அறைக்கு, இன்சார்ஜாக மாற்றப்பட்டார். லைன் வீடு தொடர்ந்தது. மகள் அந்த வீட்டிலிருந்தே பரீட்சை எழுதினாள்.

ராஜகனியக்கா அந்த அறைக் கதவு வழியாக இப்போதும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். "மேடம், இந்த ஆயில் பொட்டு நாம வச்சதா, தானா வந்ததா? எடுக்கணுமா, இருக்கட்டுமா?" நான் ஷீட்டைப் பார்க்காமல் பதில் சொல்வதில்லை.

இதிலிருந்து நான் கற்றது பெரிதாக ஒன்றுமில்லை. ஹேங்டேக் அப்படியே போனது. நான்கு தலைமுறையும் போனது. கேட்டால் சொல்வேன் என்று நான் வைத்திருந்த உண்மையைக் கேட்கிறவர் யாருமில்லை. என்னால் ஒழுங்குபடுத்த முடிந்தது ஒரு ஃபாரத்தை மட்டும்தான். கத்தியின் ஃபாரம் முடிக்கப்படாமல் கிடந்தது. திங்கட்கிழமை எடுத்து மீதிக் கட்டங்களை நிரப்பினேன். இன்றும் ஃபைலில் இருக்கிறது.

கறை எண் ஏழு. எடுத்தது: ராஜகனி. வைத்தது: ராஜகனி. அடியில் இருந்தது: அங்கே படித்ததை முழுதாக, எண்ணோடு எழுதியிருக்கிறேன். லேப் அனுமதி: என் கையெழுத்து. இந்த முறை படித்துவிட்டுத்தான் போட்டேன்.